வாசலில் கிடந்த பையும் ஜார்ஜியாவின் வரையறையும்

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை. அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களான சாண்டி ஸ்பிரிங்ஸ், டன்வுடி பகுதிகளில் பல வீட்டு வாசல்களில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள் கிடந்தன. இரவோடு இரவாக யாரோ வந்து வீசிவிட்டுப் போயிருந்தார்கள். அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்கிற கும்பல்களுக்கு இது கைப்பழக்கம். மடித்த துண்டறிக்கை ஒன்று, காற்றில் பறக்காமலிருக்க அரிசியோ சோளமோ கூழாங்கல்லோ ஒரு பிடி. பையின் வாயை மூடி, ஓடுகிற காரிலிருந்து எறிந்துகொண்டே போவார்கள். அன்றைய துண்டறிக்கையில் இருந்தது யூதர்களைப் பற்றிய வசை. பை கிடந்த வீடுகளில் ஒன்று எஸ்தர் பேனிட்சுடையது. அவர் வழக்கறிஞர், ஜனநாயகக் கட்சிக்காரர், ஜார்ஜியா சட்டமன்றத்தில் அப்போதிருந்த ஒரே யூத உறுப்பினர்.

அந்தத் துண்டறிக்கையை எழுதியதற்காக அமெரிக்காவில் யாரையும் சிறையில் போட முடியாது. நம் ஊரில் பகைமை மூட்டும் பேச்சைத் தண்டிக்கும் பழைய 153ஏ பிரிவு ஞாபகத்துக்கு வரும்; அதுபோன்ற ஒன்று அங்கே இல்லை. அரசமைப்பின் முதல் திருத்தம் அருவருப்பான பேச்சையும் சேர்த்தே காக்கிறது. 1977-இல் சிகாகோ அருகே ஸ்கோக்கி என்ற ஊரில் ஊர்வலம் போக நாஜிக் கும்பல் ஒன்று அனுமதி கேட்டது. ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் ஏராளமாகக் குடியிருந்த ஊர் அது. ஊர் தடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் ஊர்தான் தோற்றது. அந்தக் கும்பலுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஒரு யூதர். அமெரிக்கப் பேச்சுரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்றைக்கும் இந்த வழக்கைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு எதற்காக 2024 ஜனவரியில் ஜார்ஜியா ‘எச்பி 30’ என்ற சட்டத்தை இயற்றியது? பேச்சைத் தண்டிக்க முடியாத நாட்டில் யூத வெறுப்புக்கு ஒரு வரையறை எழுதி என்ன பயன்?

எந்தப் பாகுபாட்டு வழக்கிலும் இரண்டு கேள்விகள் உண்டு. என்ன செய்தார்? ஏன் செய்தார்? அரசு அலுவலகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது, வாடகைக்கு வீடு தர மறுத்தார்கள், வழிபாட்டுக்கூடத்தின் கண்ணாடியை உடைத்தார்கள் என்பதெல்லாம் முதல் கேள்விக்கான பதில்கள். எச்பி 30 அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. புதிய குற்றம் எதையும் அது உண்டாக்கவில்லை. பாகுபாட்டுத் தடைச் சட்டங்களைச் செயல்படுத்தும் மாநில அமைப்புகள் “ஏன் செய்தார்?” என்று ஆராயும்போதும், வெறுப்புக் குற்றச் சட்டத்தின் கீழ் தண்டனையைக் கூட்டலாமா என்று பார்க்கும்போதும், இந்த வரையறையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. முதல் திருத்தம் தரும் உரிமை எதையும் இது குறைக்காது என்ற பிரிவும் அதிலேயே இருக்கிறது.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் இதை நிறைவேற்ற நடந்த சண்டை சட்டத்தைவிடப் பெரியது. அதைப் புரிந்துகொள்ள ஜார்ஜியாவின் பழைய கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1913 ஏப்ரலில் அட்லாண்டாவின் பென்சில் தொழிற்சாலை ஒன்றில் மேரி ஃபேகன் என்ற 13 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். கொலைப்பழி விழுந்த தொழிற்சாலை மேலாளர் லியோ ஃபிராங்க் ஒரு யூதர். பத்திரிகைகள் கொதித்தன, நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டம் கூடியது, மரண தண்டனை விதிக்கப்பட்டது. சாட்சியங்களில் ஐயம் கொண்ட ஆளுநர் ஜான் ஸ்லேட்டன் 1915-இல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். இரண்டே மாதங்களில் ஒரு கும்பல் சிறையிலிருந்தே ஃபிராங்கைத் தூக்கிக்கொண்டு போய், மரியெட்டா என்ற ஊரில் ஒரு மரத்தில் தொங்கவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர்களும் அந்தக் கும்பலில் இருந்தார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. மாநிலம் ஃபிராங்குக்கு மன்னிப்பு வழங்கியது 1986-இல், அதுவும் அவர் குற்றமற்றவர் என்று சொல்லாமலே. எச்பி 30 மசோதாவை முன்வைத்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் கார்சன் அந்த மரியெட்டாவைச் சேர்ந்தவர்தான். 1958 அக்டோபரில் அட்லாண்டாவின் ‘தி டெம்பிள்’ யூத வழிபாட்டுக்கூடத்தில் டைனமைட் வெடித்தது. அதன் மதகுருவான ரபை ஜேக்கப் ராத்ஸ்சைல்டு கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வெளிப்படையாகப் பேசிவந்தவர்.

இத்தனைக்குப் பிறகும் ஜார்ஜியாவில் வெறுப்புக் குற்றத்துக்கென்று உருப்படியான சட்டம் நெடுங்காலம் இல்லை. 2000-இல் ஒன்று வந்தது. குற்றம் செய்தவர் ‘சார்பு அல்லது முன்முடிவு’ காரணமாக அந்த ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தால் தண்டனை கூடும் என்றது. யார்மீதான சார்பு, எதைப்பற்றிய முன்முடிவு என்று சொல்லவில்லை. 2004-இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. நீதிபதிகள் சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்தமான ஒன்று. ஒரு விளையாட்டு வெறியர், எதிரணியின் தொப்பி போட்டிருக்கிறார் என்பதற்காக ஒருவரை மிரட்டுகிறார். இந்தச் சட்டத்தின்படி அதுவும் வெறுப்புக் குற்றமாகிவிடும் அல்லவா என்று கேட்டார்கள். வரையறை இல்லாத சொல் எங்கே வேண்டுமானாலும் நீளும் என்பதுதான் அவர்கள் கண்ட குறை. வரையறைதான் ஆபத்து என்று இருபது ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் வாதாடப் போகிறார்கள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

2020 பிப்ரவரியில் பிரன்ஸ்விக் அருகே ஓடிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் அகமது ஆர்பெரியைத் துரத்திச் சுட்டுக் கொன்ற பிறகுதான் புதிய வெறுப்புக் குற்றச் சட்டம் அந்த ஜூனில் வந்தது. இந்த முறை இனம், நிறம், மதம், தேசிய பூர்வீகம், பால், உடற்குறை என்று பட்டியல் போட்டுத் தெளிவாகவே எழுதினார்கள்.

அந்தப் பட்டியலில் ‘மதம்’ இருக்கிறதே, யூதருக்கு அது போதாதா? இங்கேதான் சிக்கல். ஒருவர் யூதக் கோயிலுக்கே போகாதவராக, கடவுள் நம்பிக்கை இல்லாதவராக இருந்தாலும் யூதர் என்பதற்காக அடிபடலாம். அப்போது அது மத வெறுப்பா, இன வெறுப்பா? மேரிலாந்தில் ஒரு யூத வழிபாட்டுக்கூடச் சுவரில் வசைகளைத் தீட்டிய வழக்கில், 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சுவாரசியமான ஒரு வழியில் பதில் சொன்னது. வழக்குக்கு அடிப்படையான குடிமை உரிமைகள் சட்டம் 1866-இல் வந்தது. அந்தக் காலத்தில் யூதர்களைத் தனி இனமாகத்தான் கருதினார்கள். ஆகவே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு என்றது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் தலைப்பில் இனம், நிறம், தேசிய பூர்வீகம் இருக்கின்றன, மதம் இல்லை. அதனால் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் புகார்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று மத்தியக் கல்வித் துறை நெடுநாள் குழம்பியது.

இனி வரையறையின் கதை. ஜார்ஜியா எடுத்துக்கொண்டது அதன் சொந்தச் சரக்கல்ல. 2000-க்குப் பிறகு ஐரோப்பாவில் யூதர்கள்மீது தாக்குதல்கள் கூடியபோது, அவற்றைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த அமைப்பிடம் பொது அளவுகோல் இல்லை. ஒரு நாட்டில் யூத வெறுப்பு என்று பதிவாவது இன்னொரு நாட்டில் சாதாரண அடிதடியாகப் பதிவானது. அதைச் சீராக்க 2005-இல் ஒரு நடைமுறை வரையறை உருவானது. அதை எழுதியதில் முதன்மைப் பங்கு கென்னத் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க வழக்கறிஞருடையது. சிறு மாற்றங்களுடன் அதையே சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2016 மே 26 அன்று புகாரெஸ்டில் ஏற்றது. சட்டக் கட்டாயம் இல்லாத நடைமுறை வரையறை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தது.

வரையறையின் மையம் சின்னது. யூத வெறுப்பு என்பது யூதர்களைப் பற்றிய ‘ஒருவகைப் பார்வை’; அது அவர்கள்மீதான வெறுப்பாக வெளிப்படலாம்; சொல்லாகவோ செயலாகவோ ஆட்கள்மீதும் உடைமைகள்மீதும் வழிபாட்டிடங்கள்மீதும் அது பாயலாம். இதோடு பதினொரு உதாரணங்கள் ஒட்டியிருக்கின்றன. யூதர்களைக் கொல்லச் சொல்வது, ஊடகமும் வங்கியும் அவர்கள் பிடியில் என்ற கட்டுக்கதை, ஹோலோகாஸ்ட் நடக்கவே இல்லை என்பது போன்றவற்றில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை மீதியில். பதினொன்றில் ஏழு ஏதோ ஒரு வகையில் இஸ்ரேலைத் தொடுகின்றன. இஸ்ரேல் என்ற நாடு இருப்பதே இனவாத முயற்சி என்பது, மற்ற ஜனநாயக நாடுகளிடம் எதிர்பார்க்காததை இஸ்ரேலிடம் மட்டும் எதிர்பார்ப்பது, அதன் கொள்கைகளை நாஜிகளோடு ஒப்பிடுவது எல்லாம் அந்த ஏழில் வருகின்றன. மற்ற நாடுகளை விமர்சிப்பது போலவே இஸ்ரேலையும் விமர்சித்தால் அது யூத வெறுப்பு ஆகாது என்று அந்த ஆவணமே சொல்கிறது. முழுச் சூழலையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டு வரிகளையும் ஆதரவாளர்கள் எப்போதும் எடுத்துக் காட்டுவார்கள். எதிர்ப்பாளர்கள் அவற்றை நம்புவதில்லை.

ஒரு சொல்லுக்காக ஒரு மசோதாவே நின்றுபோன கதை இங்கேதான் வருகிறது. 2023-இல் கார்சனும் பேனிட்சும் கொண்டுவந்த மசோதா கீழவையில் எளிதாக நிறைவேறிச் செனட்டுக்குப் போனது. அங்கே நீதிக் குழுவில் ஒரு திருத்தம். ‘ஒருவகைப் பார்வை’ என்பது தெளிவாக இல்லை, ‘எதிர்மறைப் பார்வை’ என்று மாற்றலாம் என்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான யோசனை. நீதிமன்றத்தில் நிற்கவேண்டிய சட்டத்தில் ‘ஒருவகை’ என்று எழுதினால் யாருக்குத்தான் புரியும்? ஆனால் மசோதாவின் ஆதரவாளர்கள் ஒப்பவில்லை. உலகம் முழுக்க ஒரே வாசகம் என்பதுதான் இந்த வரையறையின் பலம், ஆளுக்கொரு சொல்லை மாற்ற ஆரம்பித்தால் அது குலைந்துவிடும் என்றார்கள். மாற்றிய மசோதா அப்படியே கிடந்தது. இரு தரப்பும் யூத வெறுப்பை எதிர்த்தவர்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மேக்கன் நகரில் பெத் இஸ்ரேல் வழிபாட்டுக்கூடத்துக்கு எதிரே ஒரு சிறு கும்பல் ஸ்வஸ்திகா கொடிகளோடு வந்து நின்றது, ஒரு உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டது. மறுநாள் மரியெட்டா பக்கம் இன்னொரு யூத மையத்தின் எதிரே அதே காட்சி. அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதல், தொடர்ந்து காசாப் போர். அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்கள் பற்றிக்கொண்டன. 2024 ஜனவரி 25 அன்று மசோதா கூட்டமைப்பின் வரையறையோடு செனட்டில் 44-6 என்றும் கீழவையில் 129-5 என்றும் நிறைவேறியது. ஜனவரி 31 அன்று ஆளுநர் பிரையன் கெம்ப் கையெழுத்திட்டார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதல்வரின் இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்யும்? கற்பனையாக மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் மேலதிகாரி. யூத ஊழியர் ஒருவருக்குப் பதவி உயர்வு இரண்டு முறை கைவிட்டுப் போகிறது. “உங்கள் ஆட்களுக்குத்தான் எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறதே, இது எதற்கு?” என்று மேலதிகாரி ஒருநாள் சொன்னதாகப் புகார். பதவி உயர்வு மறுப்பு என்ற செயல் இருக்கிறது. அதன் காரணத்தைத் தேடும் அதிகாரிக்கு, யூதர்களே எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிறார்கள் என்ற பழைய கட்டுக்கதையின் வாசனை அந்த வாக்கியத்தில் அடிக்கிறது என்று வரையறை சுட்டிக்காட்டும். விஷயம் தெரியாத அதிகாரி அதை வெறும் கேலி என்று தள்ளியிருக்கக்கூடும். வரையறையின் ஆகச் சிறந்த பயன் இதுதான் என்று நினைக்கிறேன். தலைமுறைகளாகப் புழங்கும் வசைகளுக்குச் சங்கேதம் உண்டு. வெளியாளுக்கு அது பிடிபடாது.

இரண்டாமவர் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். காசாவில் நடப்பதைக் கடுமையாகச் சாடி வகுப்புக்கு வெளியே கூட்டத்தில் பேசுகிறார். எச்பி 30 இவரை என்ன செய்யும்? பாகுபாட்டுச் செயல் எதுவும் இல்லாததால் ‘ஏன்’ என்ற கேள்வியே எழாது. சட்டப் புத்தகத்தில் பதில் அவ்வளவு தெளிவு. பல்கலைக்கழக நிர்வாக அறையில் அவ்வளவு தெளிவாக இருக்குமா என்பது வேறு. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

மூன்றாமவர்தான் கடினம். ஒரு யூத வழிபாட்டுக்கூடத்தின்மீது தீ வைக்கிறார். பிடிபட்டதும், “யூதர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, இஸ்ரேல் அரசைக் கண்டித்தேன்” என்கிறார். கற்பனை என்றேனே, இது நடந்த கதை. 2014 ஜூலையில் ஜெர்மனியின் வூப்பர்தால் நகரில் மூன்று பேர் வழிபாட்டுக்கூடத்தின்மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். 2015-இல் உள்ளூர் நீதிமன்றம் தீவைப்புக் குற்றத்துக்கு அவர்களைத் தண்டித்தது. ஆனால் காசா மோதலின்பால் கவனத்தை ஈர்க்கவே செய்தார்கள், யூத வெறுப்பு நோக்கம் இல்லை என்றது. மேல் நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. 1938-இல் நாஜிகள் எரித்த பழைய வழிபாட்டுக்கூடத்துக்குப் பதிலாக எழுந்த கட்டடம் அது. இஸ்ரேல் தூதரகத்தை விட்டுவிட்டு, ஜெர்மனியில் வாழும் யூதர்கள் கும்பிடும் இடத்தை எரிப்பது எந்த வகை அரசியல் கண்டனம்? இஸ்ரேல் அரசின் செயல்களுக்கு யூதர்கள் எல்லோரையும் பொறுப்பாளியாக்குவது யூத வெறுப்பு என்று பதினொரு உதாரணங்களில் ஒன்று சொல்கிறது. அதைக் கருத்தில் கொள்ளச் சட்டம் சொல்லியிருந்தால் அந்த நீதிபதிகள் இப்படி எழுதியிருப்பார்களா என்பது ஆதரவாளர்களின் கேள்வி. எனக்கு இதற்கு மறுப்புச் சொல்லத் தெரியவில்லை.

மறுபக்கத்தின் வலுவான சாட்சியும் சாதாரண ஆளல்ல. வரையறையை எழுதிய அதே கென்னத் ஸ்டெர்ன், 2017-இல் அமெரிக்கக் கீழவையின் நீதிக் குழு முன்பு போய், இதைப் பல்கலைக்கழகங்களில் சட்டமாக்காதீர்கள் என்று சாட்சியம் சொன்னார். தகவல் சேகரிப்பவர்கள் கையில் கொடுக்கச் செய்த அளவுகோல் இது. பேச்சை அளக்கும் கோலாக மாற்றினால் நிர்வாகிகள் பயந்து வாய்களை அடைப்பார்கள் என்பது அவர் வாதம். 2021-இல் ஏராளமான அறிஞர்கள் கையெழுத்திட்ட ஜெருசலேம் பிரகடனம் வெளிவந்தது. எது யூத வெறுப்பு, எது இஸ்ரேல் விமர்சனம் என்று பிரித்து அது மாற்று வரையறை தந்தது. நெக்ஸஸ் ஆவணம் என்ற இன்னொரு மாற்று வரையறையும் அதே ஆண்டுதான். ஆக ‘வரையறை வேண்டும்’ என்று ஒப்புக்கொண்டாலும் எந்த வரையறை என்ற கேள்வி தீரவில்லை.

நிர்வாக அறைக்கு வருகிறேன் என்றேன். அதற்கு டெக்சாஸைப் பார்க்க வேண்டும். 2021-இல் அங்கே ஹோலோகாஸ்ட், இனப்படுகொலை, யூத வெறுப்பு ஆகியவை பற்றிய ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். அந்தச் சட்டத்தில் வரையறையைச் சேர்த்தபோது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பாடம் தயாரிக்கவும் ஆலோசனை சொல்லவும்தானே குழு! 2024 மார்ச்சில் ஆளுநர் கிரெக் ஆபட் ஓர் ஆணை போட்டார். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பேச்சுரிமை விதிகளைத் திருத்தி, அதே வரையறையைச் சேர்க்க வேண்டும் என்றார். மாணவர் அமைப்புகள் வழக்குப் போட்டன. அந்த அக்டோபரில் மத்திய நீதிபதி ராபர்ட் பிட்மன், வழக்கின் தொடக்கக் கட்டத்திலேயே, இது ஒரு குறிப்பிட்ட கருத்தை மட்டும் குறிவைக்கும் பாகுபாடாகத் தெரிகிறது என்று எழுதினார். ஆலோசனைக் குழுவுக்காக எழுதிய வாசகம் மூன்றே ஆண்டில் மாணவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு இழுக்கும் விதியாகிவிட்டது. அந்தப் பயணத்தில் யாரும் வரையறையின் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அது இருந்த இடம்தான் மாறியது.

என் கணிப்பு இதுதான். எச்பி 30 அதன் எதிரிகள் சொல்லும் அளவுக்குக் கொடியதும் இல்லை, ஆதரவாளர்கள் கொண்டாடும் அளவுக்குப் பெரியதும் இல்லை. குற்றம் நடந்த பிறகு நோக்கத்தைத் தேடும் இடத்தில் வரையறை இருக்கும்வரை அது உதவுகிறது. பேச்சையே குற்றமாக நிறுத்தும் இடத்துக்கு அது நகர்ந்தால் நிலைமை வேறு. ஒரு மாநிலச் சட்டத்தைப் படிக்கும்போது வரையறை நல்லதா என்பதைவிட, அது எந்தப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மற்ற மாநிலங்களை விரைவாகக் கடந்துவிடலாம். 2018-இல் தென் கரோலினா தன் வரவுசெலவுச் சட்டத்தின் ஒரு நிபந்தனையாக இந்த வரையறையை முதலில் சேர்த்தது. 2019-இல் புளோரிடா பொதுக் கல்வி நிலையங்களுக்கு இதைக் கொண்டுவந்தது. பிறகு அயோவா, வர்ஜீனியா, தெற்கு டகோட்டா, வட கரோலினா என்று பட்டியல் நீள்கிறது. தீர்மானம், ஆளுநர் ஆணை, சட்டம் எல்லாவற்றையும் சேர்த்தால் முப்பது மாநிலங்களுக்கு மேல் ஏதோ ஒரு வடிவில் ஏற்றிருக்கின்றன. இந்தியானாவில் வேடிக்கை. 2024-இல் சட்டமன்றம் வரையறையை ஏற்று உதாரணங்களை விட்டுவிட்டது. உதாரணங்கள் இல்லாத வரையறை வேண்டாம் என்று ஆளுநர் எரிக் ஹோல்கம்ப் மசோதாவையே ரத்து செய்தார். கலிபோர்னியா 2025-இல் பள்ளிகளுக்காக இயற்றிய சட்டம் இந்த வரையறைச் சண்டையில் இறங்காமல், யூத வெறுப்புத் தடுப்புக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் பதவியை உருவாக்கியது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் கொண்டுவரும் முயற்சி 2024 மே மாதம் கீழவையில் 320-91 என்று வென்றது. செனட்டில் நின்றுவிட்டது.

புளோரிடா இன்னொரு வழியையும் முயன்றது. 2023-இல் வந்த சட்டம் ஒன்று, வீட்டுக்காரரை மிரட்டும் நோக்கத்தோடு தனியார் இடத்தில் துண்டறிக்கை போன்றவற்றை எறிவதைக் குற்றமாக்கியது. துண்டறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்ற ஆராய்ச்சியைவிட, எறிந்த செயலையும் மிரட்டலையும் பிடித்துக்கொள்கிறது. பேனிட்ச் வாசலில் கிடந்த பைக்கு எச்பி 30-ஐவிட இந்த வகைச் சட்டம்தான் பொருத்தம்.

நம்மவர்கள் இதை ஏன் கவனிக்க வேண்டும்? அட்லாண்டாவின் வடக்கே ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கிருந்தும் இங்கிருந்தும் பிள்ளைகள் ஜார்ஜியா டெக்கில் படிக்கிறார்கள். அது மாநிலப் பல்கலைக்கழகம். அதைவிட முக்கியமான ஒரு காரணமும் உண்டு. எச்பி 30-இன் அச்சு இப்போது மற்றவர்களுக்கும் பயன்படுகிறது. 2023-இல் ஜார்ஜியா சட்டமன்றத்தில் இந்து வெறுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. 2025 ஏப்ரலில் எஸ்பி 375 என்ற மசோதா செனட்டில் தாக்கலானது. இந்து மதத்தின்மீதான பகைமை, இழிவுபடுத்தும் மனப்போக்கு, நடத்தை ஆகியவற்றை இந்து வெறுப்பு என்று வரையறுத்து, பாகுபாட்டுச் சட்டங்களைச் செயல்படுத்தும் அமைப்புகள் அதைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்கிறது. அந்த ஆண்டு அது சட்டமாகவில்லை. ஆனால் வரையறு, பிறகு கருத்தில் கொள்ளச் சொல் என்ற அதே உத்திதான்.

அதே காலத்தில் எதிர்த் திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை அந்த அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் ரத்து செய்தார். இருக்கிற சட்டங்களே அதைத் தடுக்கின்றன, தனியாக எதற்கு என்றார். மதம் பட்டியலில் இருக்கிறதே, தனியாக எதற்கு என்று எச்பி 30-ஐ எதிர்த்தவர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். இந்து மதத்துக்குள் சாதியை விமர்சிப்பது, புராணத்தைக் கேள்வி கேட்பது, பெரியாரை மேற்கோள் காட்டிப் பேசுவது எல்லாம் ‘இழிவுபடுத்தும் மனப்போக்கு’ என்ற சொற்களுக்குள் விழுமா, விழாதா? அதை எதிர்காலத்தில் ஏதோ ஒரு ஜார்ஜியா அலுவலகத்தில் ஒரு அதிகாரி தீர்மானிக்க வேண்டிவரலாம். சாதி மசோதாவிலும் இந்து வெறுப்பு மசோதாவிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பவர்கள் இரண்டு மசோதாக்களையும் ஒரே கண்ணால் படிக்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்.

ஜார்ஜியா சட்டமன்றத்தின் மசோதாக்கள் எல்லாம் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பெரும்பாலும் சில பக்கங்கள்தான். அட்லாண்டாவில் இருக்கிறவர்கள் கோயில் வாசலிலோ சங்கக் கூட்டத்திலோ யாராவது ஆதரவுக் கையெழுத்துக் கேட்டால், முதலில் வரையறை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு அதற்கு அடுத்த வரியைப் படியுங்கள். அந்த வரையறையை வைத்து யார், எந்தக் கட்டத்தில், என்ன செய்யலாம் என்று அங்கேதான் எழுதியிருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.